பச்சைச் சட்டைப் பயணி

அந்தப் பிளந்த பாறை மூன்றாவது முறையாக எதிரே வந்து நின்றது. இது வேறு பாறையாக இருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. போன சுற்றில் திசைகாட்டி வியர்வையைத் துடைக்கக் கழற்றி வைத்து மறந்துபோன தொப்பி, பாறையின் தலையில் அம்சமாக உட்கார்ந்திருந்தது.

திசைகாட்டி என்பது அந்த வனப் பூங்காவின் மூத்த காவலருக்கு மற்ற காவலர்கள் வைத்த பட்டப்பெயர். அதாவது, அவரே வைத்துக்கொண்டு, மற்றவர்கள் வைத்ததாகச் சொல்லித் திரியும் பெயர். பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூட அவர் வரைபடத்தைத் தொட்டதில்லை. "மேப்பெல்லாம் டூரிஸ்டுக்கு. எனக்கு மூக்கு போதும்" என்பார். வழி தவறியவர்களைக் கண்டுபிடித்தால் தண்ணீர் பாட்டிலை நீட்டுவதற்கு முன்னால் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிடுவார்.

அன்று காலை, தடை செய்யப்பட்ட பகுதியில் எவனோ அடுப்பு மூட்டிய புகை வாசனை வந்தது. பிடித்தே தீருவது என்று மூக்கை நம்பிப் பாதையை விட்டு இறங்கினார். அடுப்பு மூட்டியவன் தப்பிவிட்டான். மூக்கு மட்டும் மாட்டிக்கொண்டது.

வேறு நாளாக இருந்தால் பரவாயில்லை. மாலை நான்கு மணிக்கு மீட்புக் குழுவின் புதிய தலைவர் யார் என்று அதிகாரி அம்மா அறிவிக்கப் போகிறார். போட்டியில் இருப்பது இவரும், இவருக்குப் பத்து வயது இளையவனான நெட்டை என்கிற காவலனும். வழி தவறியவர்களை மீட்கும் குழுவின் தலைவர், தலைவராகிற அன்றைக்கே வழி தவறினார் என்றால் ஊர் சிரிக்காதா?

சிற்றோடை வலப்பக்கம் இருக்க வேண்டும். இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடையின் மேல் அவருக்குக் கோபமே வந்தது. வேறு வழியில்லாமல் வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"கன்ட்ரோல், கேக்குதா? இங்க ஒரு டூரிஸ்ட் வழி தெரியாம நிக்கிறாரு."

மறுமுனையில் கட்டுப்பாட்டு அறைப் பெண் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "யாரு கூட நிக்கிறாருண்ணே?" என்றாள்.

"என்கூடத்தான்."

"உங்ககூட இருந்தா அப்புறம் என்னண்ணே கவலை? அப்படியே கூட்டிட்டு வந்துடுங்க."

திசைகாட்டி திருதிருவென்று விழித்தார். இதை யோசிக்கவில்லையே!

"அது… அவரால நடக்க முடியலம்மா. கால்ல அடி."

"ஐயையோ, எந்தக் கால்?"

"இடது கால்" என்றவர், எதற்கும் இருக்கட்டும் என்று தன் இடது காலைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார்.

"அப்போ ஸ்ட்ரெச்சர் அனுப்புறேன். ஆளு எப்படி இருப்பாரு? அடையாளம் எழுதணும்."

கண்ணெதிரே இருந்ததெல்லாம் பாறையும் தொப்பியும்தான். சட்டென்று தன்னைத் தவிர வேறு எந்த மனிதனும் அவர் கற்பனைக்கு வரவில்லை.

"வயசு அம்பத்திரெண்டு இருக்கும். மீசை வச்சிருக்காரு. பச்சைச் சட்டை. பார்வைக்கு நல்ல களையான முகம்."

"எடை?"

"எழுபது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே. தூக்குறவங்க கேக்கறாங்க."

"எண்பத்தெட்டு" என்றார் திசைகாட்டி, யாருமில்லாத காட்டில் குரலைத் தாழ்த்தி.

"ஆளு தெளிவா இருக்காரா? அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணுமே. குடுங்க."

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வயர்லெஸ்ஸை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, மெல்லிய குரலில் "அம்மா, வணக்கம்மா" என்றார்.

"வணக்கம் ஐயா. எங்க காவலர் உங்களை நல்லாப் பாத்துக்கறாரா?"

"தங்கமான மனுஷர்மா. அவர் மட்டும் வரலைன்னா என் கதி அதோகதிதான்."

"அவர்கிட்ட சொல்லுங்க ஐயா. விதிப்படி உங்களுக்கு எச்சரிக்கைச் சீட்டு எழுதணும், நீங்க அதுல கையெழுத்துப் போடணும். அப்புறம் விசிலை ஊதிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. சத்தத்தை வச்சு எங்க ஆளுங்க வந்துடுவாங்க."

திசைகாட்டி பாறையில் உட்கார்ந்து, பாதையை விட்டு விலகியதற்கான எச்சரிக்கைச் சீட்டை எழுதினார். காவலர் கையெழுத்தை வலது கையாலும், பயணி கையெழுத்தை இடது கையாலும் போட்டார். இடையிடையே விசில் ஊதினார்.

கால் மணி நேரத்தில் புதரை விலக்கிக்கொண்டு நெட்டையும், ஸ்ட்ரெச்சரோடு நான்கு பேரும் வந்துவிட்டார்கள். பின்னாலேயே, யாரும் எதிர்பாராதபடி, அதிகாரி அம்மா.

"எங்கப்பா டூரிஸ்ட்?" என்றார் அவர்.

"அவரு… கால் சரியாப் போச்சுன்னு சொல்லிட்டு, இப்பத்தான் மேடம் நடந்து போனாரு."

சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு பெரிய வினையை விலைக்கு வாங்கினோம் என்று அவருக்கு விளங்கிற்று. அதிகாரி அம்மாவின் முகம் இறுகியது.

"கால்ல அடிபட்ட ஆளு, வழி தெரியாத ஆளு, தனியாப் போக விட்டீங்களா? கேட்டையெல்லாம் மூடச் சொல்லுங்க. லீவுல இருக்கறவங்களையும் கூப்பிடுங்க. நாய் எங்க?"

நாய் வந்தது. மோப்பம் பிடிக்கப் பயணி தொட்ட பொருள் ஏதாவது வேண்டும் என்றார் நாயின் பயிற்சியாளர். இருந்தது அந்தச் சீட்டு ஒன்றுதான். நாய் சீட்டை முகர்ந்தது. நேராக வந்து திசைகாட்டியின் காலடியில் உட்கார்ந்து, வேலை முடிந்ததென்று வாலை ஆட்டியது.

"ச்சீ, போ! சீட்டை எழுதினது நான்தானே, என் வாசனைதானே வரும்?" என்றார் திசைகாட்டி.

"இந்த நாய் இதுவரைக்கும் தப்புப் பண்ணினதே இல்ல. இன்னிக்கு என்ன ஆச்சுன்னு தெரியல" என்று பயிற்சியாளர் வருத்தப்பட்டார்.

இரண்டு மணி நேரம் காடு அமளிதுமளிப்பட்டது. "பச்சைச் சட்டை ஐயா!" என்று நாலா பக்கமும் கூவினார்கள். ஒவ்வொரு தடவையும் திசைகாட்டிக்கு "இதோ" என்று வாய் வரை வந்தது. எந்தப் பக்கம் தேடலாம் என்று அவரிடமே யோசனை கேட்டார்கள். அவர் வடக்கு என்று ஒரு பக்கம் கை காட்டினார். அது தெற்கு என்று ஸ்ட்ரெச்சர்காரர் ஒருவர் பணிவாகச் சொன்னார். நடுவில் ஒருமுறை, அந்தப் பயணி நிஜமாகவே எங்காவது விழுந்து கிடப்பாரோ என்று அவருக்கே சந்தேகம் வந்து, தானும் இரண்டு தடவை கூவினார்.

கடைசியில் எல்லோரும் பள்ளத்தாக்கின் விளிம்புக்கு வந்து சேர்ந்தார்கள். நெட்டை இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"கீழ விழுந்திருப்பாரோ என்னவோ. இறங்கிப் பாத்துடறேன் மேடம்."

பள்ளம் அறுபது அடி. நெட்டைக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். திசைகாட்டி பள்ளத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணிக்குப் பதவி. அவரால் முடியவில்லை.

"நெட்டை, இறங்காதடா!" என்று கத்தினார். "டூரிஸ்டும் இல்ல, ஒருத்தரும் இல்ல. வழி தவறினது நான்தான். அந்த மீசை, சட்டை, எண்பத்தெட்டுக் கிலோ எல்லாம் நான்தான். மேடம், அந்தப் பதவியை இவனுக்கே குடுத்துடுங்க."

யாரும் திடுக்கிடவில்லை. ஒருவர் ஸ்ட்ரெச்சரை மடித்து வைத்தார். நெட்டை கயிற்றை அவிழ்த்தபடியே, "அப்பாடா, நான் நிஜமாவே இறங்க வேண்டி வருமோன்னு பயந்துட்டேண்ணே" என்றான்.

அதிகாரி அம்மா கையிலிருந்த பதிவேட்டை நீட்டினார். 'காணாமல் போனவர்' என்ற இடத்தில் 'திசைகாட்டி' என்று இருந்தது. 'மீட்கப்பட்ட நேரம்' என்ற இடத்தில், பதினொன்று இருபது. அவர்கள் பாறைக்கு வந்து சேர்ந்த நேரம்.

"வருஷத்துக்கு ஒரு தேடுதல் ஒத்திகை நடத்தணும்னு மேலிடத்து உத்தரவு. இன்னிக்கே முடிச்சாச்சு" என்றார் அதிகாரி அம்மா. "நீங்க எப்போ வாயைத் திறப்பீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தோம்."

திசைகாட்டிக்குத் தலை சுற்றியது. "அப்போ பாறைகிட்ட வரும்போதே தெரியுமா? எப்படி மேடம்? நான் எங்கயும் சறுக்கலையே!"

அதிகாரி அம்மா தன் வயர்லெஸ்ஸின் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தார்; பதில் திசைகாட்டியின் இடுப்பில் இருந்த வயர்லெஸ்ஸிலிருந்து, கட்டுப்பாட்டு அறைப் பெண்ணின் குரலில் வந்தது.

"வழி தவறினவங்களை எப்பவும் 'ஒரு மக்கு மாட்டிக்கிச்சு, ஒரு மண்டு நிக்குது'ன்னுதானே சொல்லுவீங்க. இன்னிக்கு எடுத்ததுமே 'நிக்கிறாரு'ன்னீங்களேண்ணே!"