பெயிண்டர் வீட்டு மலை வெங்காயம்

இருட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சமையலறையிலிருந்து ஒரு சத்தம். சரக், சரக். நின்றது. மறுபடியும் சரக்.

பெயிண்டர் டிவி சத்தத்தைக் குறைத்தார். கத்திதான். சந்தேகமே இல்லை. ராத்திரிக்கு மத்தியானக் குழம்பு போதும் என்ற மனைவிக்குக் கத்தி எதற்கு?

மற்ற வீட்டுப் புருஷன்மார் என்றால் மோப்பம் பிடித்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பதினைந்து வருஷம் பெயிண்டில் கலக்கும் தின்னர் டப்பாவோடு குடித்தனம் நடத்தியதில் இவருக்கு மூக்கு செத்துவிட்டது. எதைத் தின்றாலும் சுவருக்குப் பூசும் பட்டியைத் தின்பது போலத்தான். அந்த நாக்கிலும் சுரீரென்று ஏறுகிற ஒரே பொருள், லாரி ஓட்டும் மச்சினன் வருஷத்துக்கு ஒருமுறை மலைக்காட்டிலிருந்து கொண்டுவரும் வெங்காயக் கட்டு. சுண்டுவிரல் கனத்தில் கிழங்கு, அகல இலை. போன வருஷக் கட்டை ஒற்றை ஆளாகக் காலி செய்தவர் இவர். இன்று காலை மச்சினன் லாரி தெருமுனையில் நின்றதாகக் கேள்வி. இவளோ மூச்சே விடவில்லை!

பூனைபோல் போய் எட்டிப் பார்த்தார்.

"என்னடி நறுக்கறே?"

அவள் ஒளிக்கவில்லை. ஓர் இலையை விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லவேளை வந்தீங்க. மலை வெங்காயம்னு தம்பி குடுத்துட்டுப் போனான். எனக்கென்னமோ சந்தேகமா இருக்குங்க."

"சந்தேகமா? உனக்கா?" இந்த வீட்டில் அது அவருடைய இலாகா.

"இதே மாதிரி இலையோட ஒரு விஷச்செடி இருக்காம். கசக்கினா வெங்காய வாசனை வரணுமாம். வரலேன்னா..." கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினாள்.

"மோந்து பாரேன்!"

"ரெண்டு நாளா ஜலதோஷங்க." தும்மல் சற்றுத் தாமதமாக வந்தது. "நீங்க பாருங்களேன்."

குத்தலா, அக்கறையா? முறைத்துப் பார்த்தும் விளங்கவில்லை.

"தின்னு பாக்கலாம்னா, பால் குடுக்கிறவ நான். எனக்கு ஒண்ணுன்னா புள்ளைய யாரு பார்ப்பா?"

"ஒரு இலை குடு. மூணாவது மாடி மருந்துக்கடை அண்ணனைக் கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் ஒரு துண்டு வாயில போடக்கூடாது!"

"ஐயையோ, நான் ஏன் போடறேன்?"

அந்தப் பணிவுதான் உறுத்தியது. பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார்.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைத் தேடினார். கசக்கினார். மோந்தார். மனைவியையும் கூப்பிட்டு மோக்கச் சொன்னார். கடைசியில் மென்றே விட்டார்.

"பெயிண்டரே, அசல் சரக்கு! முட்டையில போட்டுப் பொரட்டினா... இன்னும் இருக்கா?"

"ஒரே இலைதாண்ணே," என்று பெயிண்டர் நாலு நாலு படியாகத் தாவினார். வழிநெடுக வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஏனென்று அவருக்குப் புரியவில்லை.

"வெங்காயம்தான்! விஷமில்லை! தாராளமா சாப்பிடலாம்!" என்று கத்தியபடியே வீட்டுக்குள் பாய்ந்தார்.

சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கில் மனைவியின் முகம். கையில் ஆவி பறக்கும் தட்டு.

"தெரியுங்க. நறுக்கும்போதே கண்ணு எரிஞ்சுதே," என்றாள், ஜலதோஷத்தின் சுவடே இல்லாத குரலில்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.