தவக்காலத்தில் மணத்த பிரேக்

ஒருமிதி நானாவின் காலில் முட்டாத கார் ஒன்றும் அந்தக் காலத்தில் மன்னார்த் தீவில் ஓடியதில்லை. துரையின் கார் முட்டியது. டாக்குத்தரின் கார் இரண்டு தரம் முட்டியது. நான் ஓட்டிய கார் எத்தனை தரம் முட்டியது என்று நான் எண்ணவில்லை. அவரும் எண்ணவில்லை.

விபத்து என்று நினைக்க வேண்டாம். அது அவர் பிரேக் சோதிக்கும் முறை.

முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்போம். இந்த நானா முன்பு வள்ளங்களுக்கு நங்கூரம் அடித்தவர். பிறகு தீவுக்குக் கார்கள் வந்தன. கார் ஓடுவதில் அவருக்கு அக்கறை இல்லை. "ஓடுறது ஒரு காரியமா? கழுதையும் ஓடுது. நிக்கிறதுதான் காரியம்" என்பார். எஞ்சின் பழுது என்று போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிரேக் என்றால் சோற்றை விட்டுவிட்டு எழும்புவார். வேலை முடிந்ததும் "ஒரு மிதி போதும், தம்பி" என்பார். அதுவே அவருக்குப் பேராகிவிட்டது. உண்மையில் நாலு மிதி வேண்டும். அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னவர் இல்லை.

சோதனை இப்படி நடக்கும். தெருவில் குதிக்காலால் ஒரு கோடு கீறுவார். கோட்டுக்கு அப்பால் போய், காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கையில் ஒரு கிளாஸ் தேத்தண்ணீர் இருக்கும். நாங்கள் சந்தியில் இருந்து வேகமாக வந்து கோட்டில் நிறுத்த வேண்டும்.

"நானா, இங்கால பாத்துக்கொண்டு நிண்டால் என்ன? கார் வாறது தெரியும், விலகலாமெல்லோ."

"என்ட முகத்தக் கண்டா நீ இரக்கப்பட்டு முந்தியே மிதிப்பாய். பிறகு பிரேக்கிட குணம் எப்பிடித் தெரியும்?"

வேலிக்குள் இருந்து அவர் மனைவி கத்துவா. "தம்பி, இண்டைக்கு இந்த மனிசன இடிச்சே போடுங்கோ! எனக்கும் ஒரு நிம்மதி!" கத்திவிட்டுக் கண்ணை மூடி ஓதத் தொடங்குவா. கார் நின்ற பிறகுதான் கண்ணைத் திறப்பா.

கார் கோட்டில் நின்றால் நானா திரும்பாமலே, "தேத்தண்ணி சிந்தேல்ல. பிரேக் சரி" என்பார். முட்டினால் மணலில் குப்புற விழுவார். எழும்பிச் சாரத்தைத் தட்டுவார். "பிரேக் சரி. நீ மிதிச்சது பிழ" என்பார். இல்லாவிட்டால் ரோட்டுப் பிழை. அதுவும் இல்லாவிட்டால் கச்சான் காற்றுப் பிழை. தன் பிரேக்கில் பிழை என்று மட்டும் அவர் வாயில் வந்ததில்லை.

நான் கத்தோலிக்கப் பங்குச் சுவாமியின் கார் ஓட்டினேன். எங்களுடையது கடல் தொழில் செய்யும் குடும்பம். ஆனால் வள்ளத்தில் கால் வைத்தால் எனக்கு வாந்தி. கரையில் கட்டியிருக்கும் வள்ளம் ஆடுவதைப் பார்த்தாலும் வாந்தி. அப்பா மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கூட்டிக்கொண்டுபோய்ச் சுவாமியிடம் விட்டார். அந்தக் கார் போனால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

சுவாமி பிரான்சு தேசத்தவர். தமிழ் எங்களைவிடத் திருத்தமாகப் பேசுவார். கார் அவரைவிட வயதானது மாதிரி இருக்கும். அதன் பிரேக் விசயம் சின்ன விசயம்தான். சில்லோடு சேர்ந்து ஒரு இரும்புச் சட்டி சுற்றும். அதற்குள்ளே பிறை மாதிரி இரண்டு இரும்பு. இரும்பின் மேல் லைனிங் என்று ஒரு பட்டி. மிதித்தால் பட்டி சட்டியில் உரசும், கார் நிற்கும். பட்டி தேய்ந்துவிட்டால் காரைக் கடவுள்தான் நிறுத்த வேண்டும். அப்போது உலகச் சண்டைக் காலம். கொழும்பில் இருந்து பட்டி வருவது நின்றுபோயிற்று.

நானா அசரவில்லை. முதலில் வள்ளக் கயிற்றைத் தறித்துப் பட்டியாக வைத்து அறைந்தார். நறுவிலிக்குளம் என்ற ஊரில் போய் மிதித்தேன். கார் நின்றது. பிறகு புகைந்தது. நல்ல சனம். கிணற்றில் இருந்து வாளி வாளியாக ஓடிவந்து ஊற்றினார்கள். சுவாமி இன்னும் இறங்கியிருக்கவில்லை.

"சுவாமி, நெருப்பு அணைஞ்சு போச்சு!" என்றார் ஒருவர்.

"நானும் அணைந்துவிட்டேன்" என்றார் சுவாமி. நனைந்த அங்கியோடு பூசை வைத்தார்.

அடுத்தது பழைய டயர்த் துண்டு. அது புகையவில்லை. கத்தியது. கழுதைக் குரல் அச்சொட்டாக அப்படியே. அரசாங்கக் கச்சேரிக்குக் கிட்ட மிதித்தேன். ஒரு கழுதை பதில் சொன்னது. பிறகு மன்னாரில் உள்ள கழுதை எல்லாம் பதில் சொன்னது. இரண்டு கழுதைகள் சுவாமி தங்கும் அறைவீடு வரை காருக்குப் பின்னால் வந்தன. ஒன்று போக மறுத்துவிட்டது. நானாவிடம் சொன்னேன். "பிரேக் சரி. கழுதைக்குத்தான் விளக்கம் காணாது" என்றார்.

டயர்த் துண்டு வெள்ளாங்குளத்தில் கழன்றது. சுவாமி வருகிறார் என்று சனம் தோரணம் கட்டி, மாலையோடு நின்றது. நான் ஒரு மிதி மிதித்தேன். நாலு மிதியும் மிதித்தேன். கார் தோரணத்தைக் கடந்தது. மாலையைக் கடந்தது. கோயிலையும் கடந்தது. குளக்கட்டில் பாதி ஏறி நின்றது. சுவாமியின் தோளில் பாதித் தோரணம் கிடந்தது. அவர் அதை எடுத்து மடித்து என் மடியில் வைத்தார்.

"அந்தோனி, இன்னும் ஒரு தடவை இந்தக் கார் நான் சொன்ன இடத்தில் நிற்காவிட்டால், இதை விற்றுவிட்டு மாட்டுவண்டி எடுப்பேன். உன்மேல் கோபம் இல்லை. ஆனால் மாட்டுவண்டிக்கு நீ தேவைப்பட மாட்டாய்."

அன்று நானாவிடம் நடந்தே போனேன். காரை ஓட்டிப் போகப் பயம்.

நானா என் முகத்தைப் பார்த்தார். கொல்லைப்பக்கம் போய் ஒரு தோலைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆவுளியாத் தோல். கடலுக்கு அடியில் புல் மேயும் பெரிய விலங்கு அது. கடற்பசு என்றும் சொல்வார்கள். அதன் இறைச்சி கரைவலைக்காரருக்குப் பெருநாள் மாதிரி. தோல் விரல் தடிப்பு இருக்கும்.

"காஞ்சா இரும்புக்கும் சவால் விடும். பொறு" என்றார்.

மூன்று நாள் சுரண்டினார். வெட்டினார். அறைந்தார். பிறகு கோடு கீறித் தேத்தண்ணீரோடு நின்றார். நான் வந்து மிதித்தேன். ஒரே மிதி. கார் கோட்டுக்கு மூன்று முழம் இருக்கவே நின்றுவிட்டது. நானா காத்துக்கொண்டு நின்றார். ஒன்றும் முட்டவில்லை. வாழ்க்கையில் முதல் தரம் திரும்பிப் பார்த்தார்.

"எங்க நிக்கிறாய் நீ?" என்றார். கொஞ்சம் ஏமாற்றம் மாதிரி இருந்தது.

எல்லாம் சரியாயிற்று. ஒரு குறைதான். சட்டி சூடேறினால் தோல் வாடும். தோல் வாடினால் இறைச்சி வாட்டும் வாசம் எழும்பும். நல்ல வாசம். நாக்கில் தண்ணீர் ஊறும். மற்றக் காலம் என்றால் பரவாயில்லை. அது தவக்காலம். எங்கள் சனம் உயிர்த்த ஞாயிறு வரை இறைச்சி தொடாத காலம்.

முதல் வாரம் நாய்கள் மட்டும் வந்தன. இரண்டாம் வாரம் பிள்ளைகள் வந்தார்கள். கார் போய் நிற்கும் ஊரில் எல்லாம் அந்த வாசம் வந்தது. ஊர்ச்சனம் இறைச்சி வாட்டுகிறது என்று சுவாமி நினைத்தார். சுவாமிக்கு யாரோ இறைச்சிச் சாப்பாடு கட்டிக் கொடுத்து விடுகிறார்கள் என்று சனம் நினைத்தது. இரண்டு பகுதியும் மரியாதைக்கு வாய் திறக்கவில்லை. சுவாமி பிரசங்கத்தில் மட்டும் இறைச்சியைப் பற்றியே பேசினார். சனம் தலையைக் குனிந்தது. வெட்கத்தில் இல்லை. சிரிப்பை அடக்கி.

எனக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. சொல்லவில்லை. சொன்னால் தோலைக் கழற்றச் சொல்வார். கழற்றினால் கார் நிற்காது.

ஐந்தாம் வாரம் பெருநிலத்தில் ஒரு ஊருக்குப் போனோம். ஊர்ப் பேர் வேண்டாம். அங்கே கோயில் காரியம் பார்க்கும் மூப்பரின் பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் திரேசம்மா என்று ஒரு விதவையின் வீடு. மூப்பர் மூக்கை உயர்த்திக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குள் போனார். சட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"சுவாமி, வாசம் இந்த வீட்டிலதான்! மனிசி இறைச்சியை ஒளிச்சுப்போட்டா!"

"என்ர மாதாவே! மூண்டு நாளாக் கஞ்சி காய்ச்சுறன். எனக்கு இறைச்சி கொண்டுவந்து தர ஆர் இருக்கினம்?"

"அப்ப வாசம் வானத்தில இருந்தோ வருது?"

சுவாமிக்கும் அன்று பொறுமை போய்விட்டது. உயிர்த்த ஞாயிறுப் பூசையில் அவவுக்கு நன்மை, அதுதான் நற்கருணை, கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். திரேசம்மா கவிழ்ந்த சட்டிகளுக்கு நடுவில் அப்படியே இருந்துவிட்டா. நான் காருக்குப் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

சுவாமியை இறக்கிவிட்டு நானாவிடம் போனேன்.

"நானா, தோலைக் கழட்டுங்கோ."

"ஏன், நிக்கேல்லையா?"

"நிக்குது. ஒரு மனிசிக்கு நன்மை இல்லாமப் போச்சு."

முழுக்கச் சொன்னேன். நானா தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். நான் கண்டு, குடித்து முடிக்காமல் அவர் கீழே வைத்தது அன்றுதான்.

"கழட்டினா கார் நிக்காது. உன்ட வேல போகும்."

"ஓம்."

"கழட்டாமச் சொன்னா, தெரிஞ்சும் அஞ்சு வாரம் பேசாம இருந்தவன் எண்டு சுவாமி உன்ன நிப்பாட்டுவார். அப்பவும் வேல போகும்."

"ஓம்."

"ஓம் ஓம் எண்டு நிக்கிறாய். வேற கத தெரியாதா?"

"இல்லை."

"வெள்ளிக்கிழம நானும் வாறன்."

வெள்ளி சிலுவைப்பாதை. நானா முன் சீற்றில் என் பக்கத்தில் இருந்தார். மடியில் நட்டுக் கழற்றும் சாவிப் பை. வண்டியைப் பார்க்க வருகிறார் என்று சுவாமி நினைத்தார். ஊரில் போய் மிதித்தேன். வாசம் வந்தது. மூப்பர் திரேசம்மா வீட்டுப் பக்கம் பாய்ந்தார்.

"மூப்பர், அங்க போகாதீங்கோ. இங்கால வாங்கோ" என்றார் நானா.

சனம் பார்த்துக்கொண்டிருக்கச் சில்லைக் கழற்றினார். சட்டி வெளியே தெரிந்தது. வாசம் இரண்டு மடங்காயிற்று. ஒரு கிழவர் எச்சில் விழுங்கியது எனக்குக் கேட்டது.

"மூக்கக் கிட்ட வையுங்கோ."

மூப்பர் குனிந்தார். அவசரத்தில் கொஞ்சம் கூடக் குனிந்துவிட்டார்.

"ஐயோ!"

"கிட்ட எண்டு சொன்னனான். முட்டச் சொல்லேல்ல" என்றார் நானா.

சுவாமி இறங்கி வந்தார். அவரும் குனிந்தார். நிதானமாக மணந்தார். நிமிர்ந்தார்.

"ஐந்து வாரமாக நான் பிரசங்கம் செய்தது இந்தச் சில்லுக்கா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. நானா எழும்பி நின்றார். கையைச் சாரத்தில் துடைத்தார்.

"சுவாமி, பிழ என்ட. பிரேக் பிழ. தோலில இருந்த கொழுப்ப நான் வடிவாச் சுரண்டேல்ல. இந்தத் தம்பிக்கு ஒண்டும் தெரியாது. மிதிக்கிறத விட அவனுக்கு வேற ஒண்டுமே தெரியாது."

சுவாமி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். சுவாமி நேரே திரேசம்மாவிடம் போனார்.

"அம்மா, நான் தவறு செய்துவிட்டேன். என்னை மன்னியுங்கள்."

"அதுக்கென்ன சுவாமி. நீங்கள் சட்டியில கை வைக்கேல்லை. வைச்சவர் வந்து கழுவட்டும்."

மூப்பர் கழுவினார். மூக்கில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு கழுவினார். அப்போதுதான் சனம் சிரித்தது. ஒருவருக்குத் துணிவு வந்துவிட்டது.

"சுவாமி, ஆவுளியா மீனோ இறைச்சியோ? நாங்கள் மணந்தது பாவமோ?"

"ஒரு முறை மணந்தவர்களுக்குப் பாவம் இல்லை" என்றார் சுவாமி. "திரும்பவும் வந்து மணந்தவர்கள் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள்." அன்று வரிசை கோயில் வாசல் தாண்டி நின்றது.

காரைச் சுவாமி விற்கவில்லை. "நான் சொன்ன இடத்தில் அது நின்றதே" என்றார். அதற்குப் பிறகு தவக்காலத்தில் காரை ஊருக்கு வெளியே நிறுத்துவேன். சட்டி ஆறும் வரை ஒரு செபமாலை. பிறகு சனம் தள்ளிக்கொண்டு போகும். மூப்பர் முன்னால் நடந்து வழிகாட்டுவார்.

அன்று அந்தப் பாவசங்கீர்த்தன வரிசையில் நானும் நின்றேன். என் முறை வந்ததும் தெரிந்தும் சொல்லாமல் இருந்ததைச் சுவாமியிடம் சொன்னேன்.

"உன் நண்பர் பொய் சொன்னபோதே தெரிந்தது."

"நல்லாத்தானே சொன்னவர், சுவாமி."

"இல்லை. மிக மோசமாகச் சொன்னார்."

திரேசம்மாவுக்கு ஒரு வருசம் விறகு வெட்டிக் கொடுக்கச் சொன்னார். வெட்டினேன்.

சண்டை முடிந்து கொழும்பில் இருந்து புதுப் பட்டி வந்தது. ஆவுளியாத் தோலை நானே கழற்றினேன். திருப்பிப் பார்த்தேன். ஒரு பொட்டுக் கொழுப்பு இல்லை. உள்ளங்கை மாதிரிச் சுரண்டியிருந்தார்.

அவர் எத்தனையோ பிரேக் பூட்டினார். பிழை தன்னுடையது என்று ஒரே ஒரு நாள்தான் சொன்னார். அன்றைக்குப் பிரேக்கில் ஒரு பிழையும் இருக்கவில்லை.