உடும்புக்குடியும் என் அம்மாவும்

அளவுக்கு மீறித் தயார் செய்துகொண்டு போகிறவர்கள்தான் அதிகமாக அசிங்கப்படுகிறார்கள். நான் ஆறு மாதம் தயார் செய்தேன்.

கற்பனை உலக விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி இருபது முகப் பகடை உருட்டுவார்கள்; பெரிய எண் விழுந்தால் சொன்னது நடக்கும். நான் கதைசொல்லி. என் படைப்பு, சதுப்பு நிலத்தில் வாழும் உடும்பு மனிதர்கள். அவர்களுக்குச் சட்டம், சாமி, சம்பந்தி முறை எல்லாம் எழுதி வைத்திருந்தேன். (உடும்புக்குச் சம்பந்தி முறை எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.) சேற்றுக்கடியில் அவர்களுடைய கோட்டை: பதினேழு அறைகள், நடுவில் முட்டை அறை, அங்கே சிறைப்பட்ட ஓர் இளவரசன். அவனை மீட்க இரண்டு நாளாவது ஆகும் என்று ஆபீஸ் நண்பர்களிடம் சவால் விட்டு, திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வரவழைத்தேன்.

நான்கு பேரில் மூன்று பேர்தான் வந்தார்கள். ஆள் குறைந்ததால், மல்லாட்டை (வேர்க்கடலைதான்) வேகவைத்துக் கொண்டுவந்த அம்மாவைப் பிடித்து உட்காரவைத்தார்கள். எங்கள் நெல் வயலை முழுக்கப் பார்த்துக்கொள்வது அம்மாதான்.

"என்ன ஆயுதம் வேணும்மா?" என்றேன்.

"மண்வெட்டி குடு."

கொடுத்தேன். (சிரித்துக்கொண்டே கொடுத்தேன். அதுதான் இன்னும் வலிக்கிறது.)

அம்மா என் வரைபடத்தை உற்றுப் பார்த்தார். "இந்த சேத்துக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது?"

"மேற்கால இருக்கிற ஏரியிலேர்ந்து."

"கெழக்கால பள்ளமா கீதே. அங்க கரைய வெட்டிட்டா வடிஞ்சிரும்ல?"

"அதெல்லாம் முடியாதும்மா. இது மந்திரச் சதுப்பு!"

"மந்திரம்னா தண்ணி மேட்டுல ஏறுமா?"

நண்பர்கள் கைதட்டினார்கள். அம்மா உருட்டிய பகடையில் இருபதுக்கு இருபது. சதுப்பு வடிந்தது. பதினேழு அறைகளும் வெயிலில் பல்லைக் காட்டின. நான் வைத்த பொறிகளை ஒருத்தரும் மிதிக்கக்கூட இல்லை.

விட்டுவிடுவேனா? உடும்பு ராணியாகவே மாறிக் கர்ஜித்தேன். "என் முட்டைகள் காய்கின்றன! பழி வாங்குவேன்!"

"கோச்சிக்காதம்மா," என்றார் அம்மா ராணியிடம். "நீயும் புள்ளைங்கள வச்சிக்கினு இருக்கிறவ. முட்டைக்குத் தனியா ஒரு குட்டை வெட்டித் தர்றேன். எங்க பையனை அனுப்பிடு."

நியாயமாகத்தான் இருந்தது. ராணி ஒப்புக்கொண்டாள். இரண்டு நாள் போர் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

"அவ்ளோதானாடி?" என்று கேட்டுவிட்டு அம்மா உலை வைக்கப் போனார். நண்பர்கள் பின்னாலேயே அடுப்படிக்குப் போய் அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தனியாக உட்கார்ந்து, வரைபடத்தில் ஏரியை அழித்து வேறு இடத்தில் வரைந்துகொண்டிருந்தேன்.

இப்போதும் ஐப்பசி மழையில் வயலில் தண்ணீர் நின்றால் அப்பா போன் செய்வார்: "உன் உடும்புங்க குடியேறிக்கினு இருக்குது. ஜல்தியா வந்து பேசி அனுப்பும்மா. உங்கம்மா கரைய வெட்டக் கெளம்பிட்டா."