கோடி போர்த்திய புத்தகம்

என் எழுத்து கோழி கிளறிய முற்றம் போல இருக்கும், மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பிழைகளைப் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். (மனைவி திருத்தித் தருவதாகச் சொன்னாள். ஆனால் இது அவள் செத்த கதை. செத்தவளே திருத்தினால் நன்றாகவா இருக்கும்?)

அது சண்டைக் காலம். எனக்கு வயல்வேலை தவிர வேறு தெரியாது. நான் வேலை செய்த வயல்வெளி, வட்டை என்போம், வாவிக்கு அப்பால், படுவான்கரையில். தோணி ஓடக் கூடாது என்று ஆமி சொன்ன நாளிலிருந்து நாவற்குடா வீட்டில் சும்மா குந்தியிருந்தேன். அப்போதுதான் பரிமளம் தன் தகப்பனின் பெட்டியிலிருந்து ஒரு பழைய காவியத்தை எடுத்தாள். அட்டை இல்லை. ஓரமெல்லாம் பூச்சி தின்றிருந்தது. சின்ன வயதில் கோயிலில் அதைப் படிக்கக் கேட்டிருக்கிறோம். ஒருவர் பாட்டை ராகத்தோடு வாசிப்பார், இன்னொருவர் பொருளை விளக்கிப் பயன் சொல்லுவார். ராகத்தை நான் தூணுக்குப் பின்னால் நின்றே பிடித்தவன். பரிமளம் எட்டாம் வகுப்பு. பொருள் அவளுக்கு விளங்கும். ஆகவே நான் வாசித்தேன், அவள் பயன் சொன்னாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு பேசியதே இல்லை. அரிசி இல்லாத நாளிலும் வாசித்தோம்.

தொல்லை என் வெட்கம்தான். நாலு பேர் கூடினால் எனக்கு என் பெயரே மறந்துபோகும். அதனால் வீட்டிலும் குசுகுசுவென்றே வாசிப்பேன்.

"இதென்ன, செபம் சொல்லுற மாதிரி?" என்றாள் பரிமளம் ஒரு மாலை. காய்ச்சலில் பாயில் படுத்திருந்தாள். "ராசா செத்து ராணி அழுற இடம் இது. வாயத் திறந்து வாசிங்க. ஆர் இஞ்ச கேக்கப் போறா?"

திறந்தேன். என்னிடம் அப்படி ஒரு தொண்டை இருப்பது எனக்கே தெரியாது. நுளம்புக் கடிக்குப் பயந்து அவள் வெள்ளைப் போர்வையைத் தலையோடு மூடித் தூங்கிப்போனதை நான் கவனிக்கவில்லை. ராணியோடு சேர்ந்து நானும் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தால், வாசலில் பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்கா.

"ஐயோ, என்ட பரிமளம்! காய்ச்சல் எண்டுதானேகா சொன்ன!"

பின்னால் அவருடைய புருசன் கந்தப்போடியர். நான் கண்ணீரும் மூக்குமாக, "இல்ல... இது... ராணி..." என்றேன்.

"பாவம், ராணி எண்டுதான் கூப்பிடுவான் போல," என்றார் அவர். உடனே சைக்கிளை எடுத்தார். ஊரடங்குக்கு முன் ஆரையம்பதிக்குப் போய்ப் பரிமளத்தின் தம்பியிடம் சொல்ல வேண்டுமாம். எங்கள் ஒழுங்கையில் இருந்த அயலவர் எல்லாம் உள்ளே வந்து நிறைந்தார்கள். அத்தனை பேரைக் கண்டதும் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. நாலு பெண்கள் பாயைச் சுற்றி இருந்து ஒப்பாரி தொடங்கிய பிறகுதான் பரிமளம் போர்வையை விலக்கினாள்.

"ஆருகா செத்த?"

பாதிச் சனம் முற்றத்துக்குப் பாய்ந்தது. செல்லம்மாக்கா வாழைக்குள் விழுந்து கிடந்தா.

எல்லாரும் சிரித்தார்கள். பரிமளம் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பிக்குச் சொல்லப் போயிட்டாரா?" என்று கேட்டாள்.

சிரிப்பு நின்றது. தங்கராசா மீன்பிடிக்கிறவன். அவளுக்கு ஒரே தம்பி. தெருவில் சென்றியில் ஆமி மறித்தால் வாவியால் வருவான். அந்த நாட்களில் இருட்டோடு வாவியில் எது அசைந்தாலும் சுடுவார்கள். கந்தப்போடியரைத் திருப்பிக் கூப்பிடவும் வழியில்லை. ஊரடங்கு தொடங்கியது. சனமும் வெளியே போக முடியாமல் எங்கள் வீட்டிலேயே குந்திவிட்டது. அப்போதுதான் அது உண்மையில் செத்த வீடு போல இருந்தது.

வாவிப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது.

"சத்தமா வாசிக்கச் சொன்னது நான்தானே," என்றாள் பரிமளம். நான் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன், அதுதான் சுட்டது போல.

தங்கராசா வந்தான். இடுப்புவரை சேறு. தலையில் கட்டிய பொலித்தீன் பைக்குள் புதுச் சீலை. கலியாணம் முடித்த பெண் செத்தால் பிறந்த வீட்டார்தான் கோடி போர்த்த வேண்டும். அக்காவைக் கண்டதும் நிலத்தில் குந்திவிட்டான்.

"நீ சாகல்லியா?"

"இல்லடா."

"அப்ப நான் என்னத்துக்குகா சூட்டுக்குள்ளால வந்தன்?" என்று கத்தினான். கத்தியவன் அழுதான். பிறகு என்னைப் பார்த்தான். "அத்தான், நீங்க ஆருக்கு அழுத?"

"ராசாவுக்கு."

"எந்த ராசா?"

நான் புத்தகத்தைக் காட்டினேன். அவன் அதையே பார்த்துக்கொண்டு காலில் இருந்த சேற்றைத் துடைத்தான்.

"மறுகா அந்த ராணிக்கு என்ன நடந்த?"

யாருக்கும் வெளியே போக வழியில்லை, எனக்கும்தான். ஒழுங்கை முழுவதுக்கும் முன்னால் வாசித்தேன். குரல் நுளம்பு போல வந்தது.

"பொஞ்சாதி செத்தாத்தான் இவனுக்குக் குரல் வரும்," என்றா செல்லம்மாக்கா.

விடிந்ததும் கந்தப்போடியரும் சைக்கிளில் திரும்பி வந்தார். எடுத்த கோடியைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்றான் தங்கராசா. பரிமளம் அதைப் புத்தகத்துக்குப் போர்த்திக் கட்டினாள். இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் வாசிப்போம் என்று யாரும் சொல்வதில்லை. "பிணத்த எழுப்புங்க" என்பார்கள். அதைச் சொல்லத் தொடங்கியவனே தங்கராசாதான்.

பிறகு ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் அவனைக் கூட்டிப் போனார்கள். இன்னும் விடவில்லை. பரிமளம் ஒருநாளும் அழவில்லை. அழுதால் அவன் செத்ததாக ஆகிவிடுமாம். நாங்கள் இப்போதும் வாசிக்கிறோம். ராணி அழும் இடம் வந்தால் மட்டும், "அதத் தாண்டிப் போங்க," என்பாள். தாண்டிப் போவேன்.

இதை எழுதி முடித்தது ஆடி அமாவாசை அன்று. செத்தவர்களுக்காகத் தீர்த்தமாட ஊரே போயிருக்கிறது. நாங்கள் போகவில்லை.