கோஸுக்குப் பயந்து சியோலுக்கு

இந்த வருஷம் ஒரு கோஸைக்கூடத் தொடுவதில்லை என்று நவம்பர் முதல் தேதி காலை, பல் தேய்த்துக்கொண்டே சபதம் செய்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சத்தமாகச் சொல்லியிருக்க மாட்டேன். என் மனைவி சுனோக் பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

நவம்பர் வந்தால் குளிர்காலம் முழுவதற்கும் கிம்ச்சி ஊறுகாய் போட்டாக வேண்டும். சுனோக்குக்கும் சியோலில் இருக்கும் அவள் தங்கை மியோக்குக்கும் சேர்த்து, தேஜோனில் எங்கள் வீட்டில், நூறு கோஸ். ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். அதைப் பிளந்து, உப்பில் ஊறவைத்து, அலசி, பிழிந்து, இலை இலையாக மிளகாய் விழுது தடவ வேண்டும். கல்யாணமான முதல் வருஷம் செய்தேன். அப்புறம் மூன்று நாள் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன்.

அன்றிலிருந்து சாக்குகள். ஒரு வருஷம் இடுப்புப் பிடிப்பு. ஒரு வருஷம் ஆபீஸ் மலையேற்றம். என் நண்பன் கிசோப்பின் அப்பாவை மட்டும் இரண்டு முறை சாகடித்திருக்கிறேன். சாவுக்குப் போகாதே என்று எந்த மனைவியும் சொல்ல மாட்டாள் பாருங்கள்.

இந்த முறை சுனோக் சமையலறைக் காலண்டரில் பெரிதாக வட்டம் போட்டாள்.

"என்னங்க, பாத்துக்கோங்க. இருபத்திரண்டு, சனிக்கிழமை. கிம்ச்சி."

"ம்."

"கிசோப் அண்ணனோட அப்பா சௌக்கியமா?"

காப்பியைக் கீழே வைத்தேன். "ஏன் கேக்குற?"

"சும்மாதான். மியோக் போற நீச்சல் குளத்துக்கே அவரும் தினமும் வர்றாராம். ரெண்டு தடவ செத்தும் என்ன உடம்புன்னு அவளுக்கு ஆச்சரியம்."

அந்த வழி அடைபட்டது. மூன்று நாள் யோசித்தேன். நான்காவது நாள் பளிச்சென்று தோன்றியது. போன மாதம் சுனோக் மாவு பிசையும்போது பெருமூச்சு விட்டாளே! 'நாம்தேமுன் சந்தையில அந்தக் கல்குக்சு நூடுல்ஸ் கடை இன்னும் இருக்குமா' என்று. நூடுல்ஸ்தான் என் ஆயுதம். ஆளே ஊரில் இல்லாவிட்டால் கிம்ச்சி ஏது?

"சுனோக், நமக்குக் கல்யாணமாகி முப்பது வருஷமாச்சு. இருபத்திரண்டாம் தேதி சியோல் போறோம். அதே சந்தை, அதே கடை, அதே பெஞ்சு."

"கிம்ச்சி?"

"அதைக் கடையில வாங்கிக்கலாம்."

கரண்டி பறக்கும் என்று தலையைக் கொஞ்சம் குனிந்து வைத்திருந்தேன். அவள் ஏப்ரன் நுனியால் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நீங்க ஆசையா கூப்பிடுறப்போ கோஸா முக்கியம்? மியோக்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

ரயில் டிக்கெட்டை அன்றைக்கே போட்டேன். கிளம்பும்போது ஒரு பையைக் கொடுத்தாள். தோள் இறங்கியது.

"ரெண்டு நாளைக்கு என்ன இவ்வளவு கனம்?"

"சியோல்ல குளிரும்ங்க. தூக்குங்க."

தூக்கினேன். நூறு கோஸுக்கு இது எவ்வளவோ மேல்.

சந்தையின் அந்தச் சந்து மாறவே இல்லை. பிளாஸ்டிக் திரையை விலக்கியதும் நெத்திலிக் குழம்பின் ஆவி முகத்தில் அடித்தது. முப்பது வருஷத்துக்கு முன் நான் இங்கே துணிக்கடையில் மூட்டை தூக்கினேன். சுனோக் எதிரே பட்டன் கடையில் இருந்தாள். மத்தியானம் அவள் வரும்வரை ஒரு கிண்ணம் நூடுல்ஸை முக்கால் மணி நேரம் தின்பேன். அதற்குள் அது கஞ்சியாகிவிடும். கஞ்சியைத் தின்று தின்றே காதலித்தேன்.

கடைக்காரப் பெரியம்மா நரைத்திருந்தார். கை மட்டும் பழைய வேகத்தில் மாவை வெட்டியது.

"அட, பட்டன் கடைப் பொண்ணு! இவன் அந்தக் கஞ்சிக்காரன்தானே?"

கேட்காமலே பக்கத்தில் காரமான குளிர் நூடுல்ஸும் ஒரு சின்னக் கிண்ணத்தில் வந்தது. அப்போதும் அப்படித்தான். முதல் வாய் உறிஞ்சினேன். அதே ருசி. எனக்கு மறுபடி இருபத்தேழு வயதாகிவிட்டது.

சுனோக் என்னையே பார்த்தாள். "ஒரு நவம்பர்ல கிம்ச்சி போட்டுட்டு வந்தேன். கையெல்லாம் சிவந்து வீங்கியிருந்துச்சு."

"மறப்பேனா? எனக்குச் சோறே இறங்கல."

"அப்போ என் கையைப் பிடிச்சு ஒண்ணு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

"இல்லாம?"

"இருக்காது. விடுங்க."

ரோஷம் வந்துவிட்டது. அவள் கண் வேறு ஈரமாக இருந்தது. நான் கையைப் பிடித்து, அன்றைக்குச் சொன்ன அதே குரலில், சந்து முழுக்கக் கேட்கச் சொன்னேன்:

"என்னைக் கட்டிக்கோ சுனோக். இனிமே உங்க வீட்டுக் கோஸ் ஒவ்வொண்ணையும் நானே தூக்குறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

"நான் சாட்சி," என்றார் பெரியம்மா. "அன்னைக்கும் கேட்டேன், இன்னைக்கும் கேட்டேன்."

சுனோக் நிதானமாக வாயைத் துடைத்தாள். "எந்திரிங்க. இந்த வருஷம் மியோக் வீட்டுலதான் போடுறோம். மெட்ரோல நாலு ஸ்டேஷன். நேத்தே உப்புல ஊறப்போட்டுட்டா."

"காலண்டர்ல போட்டியே!"

"தேதி போட்டேன். ஊரு போட்டேனா?"

"சியோல் என் யோசனைடி!"

"ஆமாங்க. நீங்க ஓடுவீங்கன்னு தெரியும். எந்தப் பக்கம் ஓடணும்கிறதை மட்டும்தான் நான் யோசிச்சேன்."

"என் இடுப்பு..."

பையைத் திறந்தாள். பூப்போட்ட கால்சட்டை, ஏப்ரன், முழங்கை வரை நீளும் ரப்பர் கையுறை. எல்லாம் என் அளவு. அடியில் இடுப்புக்கு ஒட்டும் பிளாஸ்திரி, ஒரு டஜன்.

கோபம் வரத்தான் செய்தது. ஆனால் பையை மூடிய அந்தக் கையைப் பார்த்தேன். விரல் முட்டிகள் தடித்துப்போயிருந்தன. முப்பது நவம்பரும் அதில் இருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

மியோக் வீட்டு மணியை அடித்தோம். கதவைத் திறந்தது மியோக் இல்லை. முழங்கை வரை மிளகாய் விழுதோடு நின்றவர் கிசோப்பின் அப்பா.

"வாப்பா," என்றார் பெரியவர். "என் சாவுக்கு ரெண்டு தடவ வந்தியாமே. அந்த மரியாதைக்கு, உனக்குன்னு ஐம்பது கோஸ் தனியா எடுத்து வெச்சிருக்கேன்."