ஜெயமணியின் காருக்கு எண்ணெய் ஊற்றிய பெருமக்கள்

காரில் எஞ்சின் ஆயில் குறைந்தால் ஊற்ற வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் அதை யார் ஊற்ற வேண்டும், எந்த வரிசையில் ஊற்ற வேண்டும் என்பது பற்றிப் பெம்பான் வட்டாரத்தில் வெகுகாலம் முறையான ஏற்பாடு எதுவும் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையினால்தான் ஜெயமணி தன் காருக்குத் தானே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஜெயமணி ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். கம்பெனி பஸ் பெம்பான் பக்கம் வராது. புருஷன் இல்லை. இருந்தது ஒரு பழைய கார். வயதான காராகையால் பெட்ரோலோடு கொஞ்சம் மின்யாக் ஹித்தாமும் குடிக்கும். எஞ்சின் ஆயிலுக்கு எங்கள் பக்கத்தில் வழங்கும் பெயர் அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, வாசலில் பானெட்டைத் திறப்பாள். அளவுக் கம்பியை உருவிப் பழந்துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்ப்பாள். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தால் கொஞ்சம் ஊற்றுவாள். சற்றுப் பொறுத்து மீண்டும் பார்ப்பாள். மேல்கோட்டைத் தாண்டவிடாமல் நிறுத்திக்கொள்வாள். பிறகு கையைக் கழுவிவிட்டுச் சட்னி அரைக்கப் போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில் அவளை லைன் லீடர் ஆக்குவதாக மேலாளர் சொல்லியிருந்தார். காலை ஷிப்டுக்குத் தாமதிக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வழியாகப் போன புவனேந்திரன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். அவர் பெம்பான் வட்டார இந்தியர் முன்னேற்ற மேம்பாட்டு இயக்கத்தின் செயலாளர். முன்னேற்றமும் மேம்பாடும் ஒன்றுதானே என்று கேட்பவர்களை அந்த இயக்கத்தில் சேர்ப்பதில்லை. மகளிர் திறன் வளர்ச்சிக்காக இயக்கம் அந்த ஆண்டு கேக் செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டது, மருதாணி போடக் கற்றுக்கொடுத்துவிட்டது. டிசம்பர் வந்துவிட்டது. இன்னொரு நிகழ்ச்சி நடத்தாவிட்டால் மானியம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். மகளிருக்கு இனி எந்தத் திறன் மிச்சமிருக்கிறது என்று அவர் இரவு பகலாக யோசித்துக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, இத நீங்களேவா செய்றீங்க?”

“ஆமாண்ணே. வேற யாரு செய்வா?”

இந்த மறுமொழியில் ஒரு மாபெரும் சமுதாயப் பிரச்சினை ஒளிந்திருப்பதைப் புவனேந்திரன் அங்கேயே கண்டுபிடித்தார். ஒரு பெண், தலைவர்கள் யாருடைய ஆதரவும் இல்லாமல், அவ்வளவு எண்ணெயையும் தனியாக ஊற்றிக்கொண்டிருக்கிறாள். சமுதாயம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? இருக்கக் கூடாது என்று செயற்குழு அன்று மாலையே ஒருமனதாக முடிவு செய்தது.

நிகழ்ச்சிக்கு ‘மகளிர் மேம்பாட்டு மசகெண்ணெய் ஊற்று விழா’ என்று பெயர் வைத்தார்கள். மசகெண்ணெய் என்றால் என்னவென்று தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஏதோ மூட்டுவலிக்கு இலவசமாகத் தருகிறார்கள் என்று நினைத்து முதியவர்கள் நிறையப் பேர் பெயர் கொடுத்தார்கள். ஜெயமணி முதலில் தயங்கினாள். விழா முடியும்வரை காருக்கு ஆயில் ஊற்றக் கூடாது என்று புவனேந்திரன் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஊற்றிவிட்டால் பிரமுகர்கள் எதை ஊற்றுவார்கள் என்பது அவர் வாதம். எப்படியும் ஓசியில் ஆயில் கிடைக்கிறது, ஒரு நாள் கூத்துதானே என்று அவளும் தலையாட்டிவிட்டாள்.

விழா நாளன்று பொதுமண்டபத்துக்கு முன்னால் பந்தல் போட்டு, நடுவில் அவள் காரை நிறுத்தினார்கள். காருக்கு மாலை. ஆயில் கேன்களுக்குச் சந்தனம், குங்குமம். தலைமை விருந்தினராக, அரசாங்கம் கொடுத்த டத்தோ பட்டத்தோடு ஒரு பிரமுகர் வந்தார். கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்து ஊற்றும் நேரம் வந்தது.

காருக்குத் தேவைப்பட்டது அரை லிட்டர். டத்தோ ஒருவரே ஏறக்குறைய அதை ஊற்றிவிட்டார். படக்காரர் அந்த நேரம் பார்த்துப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்ததால், படத்துக்காக இன்னொரு முறை ஊற்றினார். அடுத்து அவர் மனைவி டத்தின். அவருக்குப் பிறகு கோயில் தலைவர். கோயில் தலைவர் ஊற்றியதால் அவரோடு வழக்கு நடத்திக்கொண்டிருந்த முன்னாள் தலைவர். முன்னாள் தலைவர் கொஞ்சம் அதிகமாக ஊற்றியதாகத் தெரிந்ததால், மீண்டும் இந்நாள் தலைவர்.

ஜெயமணி கம்பியை உருவிப் பார்த்தாள். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி வெகு தூரம் ஏறியிருந்தது. அவள் புவனேந்திரனின் காதருகே போனாள்.

“அண்ணே, போதும். கோட்டுக்கு மேல போயிருச்சி. இதுக்கு மேல ஊத்துனா எஞ்சின் கெட்டுரும்.”

புவனேந்திரன் மேடையைப் பார்த்துச் சிரித்தபடியே பேசினார். “கோடு காருக்குத்தானே தங்கச்சி. இன்னும் இளைஞர் பகுதி இருக்கு, முன்னாள் மாணவர் சங்கம் இருக்கு. அவங்கள உக்கார வெச்சிட்டு நான் நாளைக்கு ரோட்டுல நடமாட முடியுமா? கொஞ்சம் பொறுத்துக்குங்கலா.”

அப்போது இரண்டாவது கேனை உடைத்தார்கள்.

கூட்டத்தில் கார் வைத்திருப்பவர்கள் ஏராளம். அது கூடாது என்பது அத்தனை பேருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக் கோமளா தன் கணவரிடம் அதைச் சொல்லவும் சொன்னாள். ஆனால் சாப்பாடு தயாராக இருந்தது. ஊற்றி முடித்தால்தான் பரிமாறுவார்கள். ஆகவே அனைவரும் விரைவாக ஊற்றும்படி கைதட்டி ஊக்குவித்தார்கள்.

கடைசியில் டத்தோ முறைப்படி காரை இயக்கி வைத்தார். கார் இருமியது, உதறியது, பிறகு பின்னாலிருந்து நீலப் புகையாகக் கக்கியது. பந்தலே தெரியவில்லை. அறிவிப்பாளர் அதை மகளிர் எழுச்சியின் அடையாளம் என்று வருணித்தார். புகை படத்தில் நன்றாக விழுகிறது என்று படக்காரர் கேட்டுக்கொண்டதால், டத்தோ ஆக்சிலரேட்டரை இன்னும் நன்றாக மிதித்தார். ஜெயமணி ஓடிப்போய்ச் சாவியைத் திருப்புவதற்குள் உள்ளே ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. அவள் கையில் நற்சான்றிதழைக் கொடுத்தார்கள். எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

காரை இழுத்துக்கொண்டு போன பட்டறைக்காரர் தனேஷ் எஞ்சினைத் திறந்து பார்த்தார். உடனே ஆயிலை வடித்திருந்தால் தப்பியிருக்கும், ஓட்டியதுதான் வினை என்றார். வேறு எஞ்சின்தான் போட வேண்டும். இந்தச் செய்தியைச் சொன்ன கையோடு, அதிகம் யோசிக்காமல், அவர் இயக்கத்தில் ஆயுள் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டார்.

ஜெயமணி புவனேந்திரன் வீட்டுக்குப் போனாள். அவர் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, மிகுந்த மரியாதையோடு விளக்கினார். செயற்குழு இதை ஆராய்ந்துவிட்டது. விழாவின் நோக்கம் எண்ணெய் ஊற்றுவது. கார் ஓடுவது நோக்கத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. எண்ணெயோ எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஊற்றப்பட்டுள்ளது. ஆகவே இது இயக்க வரலாற்றிலேயே இலக்கை மிஞ்சிய ஒரே நிகழ்ச்சி. மேலிடமும் பாராட்டியிருக்கிறது.

அந்த வாரம் அவள் யார் யாருடைய மோட்டாரிலோ தொற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். தாமதமாகப் போனாள். லைன் லீடர் பதவி வேறொருத்திக்குப் போய்விட்டது. மேலாளர் அவளைத் திட்டவில்லை. பேப்பரில் படம் வந்ததைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னார்.

அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். தாமானில் வீடு வீடாகப் போய், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து மண்டபத்துக்குப் போய் நியாயம் கேட்போம் என்றாள். ஒருவர் விடாமல் வருவதாகச் சொன்னார்கள். அநியாயம் அக்கா, நான்தான் முதல் ஆளாக வந்து நிற்பேன் என்றாள் கோமளா.

ஞாயிற்றுக்கிழமை ஜெயமணி மண்டபத்துக்குப் போனபோது எல்லாரும் அவளுக்கு முன்பே வந்திருந்தார்கள், கார்களோடு. கழுவித் துடைத்த கார்கள் சாலை முனைவரை பானெட்டைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன. விழாவின் இரண்டாம் கட்டமாம். முதல் ஆளாகப் பட்டுச்சேலையில் நின்றாள் கோமளா. கார் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

“என் வண்டிக்கு என்னா ஆச்சின்னு பார்த்தீங்கல்ல கோமளா?”

“பார்த்தேன்க்கா. உங்களுது பழசு, தாங்கல. எங்களுது புதுசுக்கா.” கோமளா குரலைத் தாழ்த்தினாள். “அதோட, உங்களுக்கு மட்டும் டத்தோ ஊத்தினாரு. எங்களுக்கெல்லாம் ஊத்தலேன்னா எப்படி?”

அதற்குள் புவனேந்திரன் ஜெயமணியைப் பார்த்துவிட்டார். ஒலிபெருக்கியில் அவளை முன்னோடி என்றும் வழிகாட்டி என்றும் அழைத்தார். டத்தோவின் கார் ஜாசின் தாண்டி வந்துகொண்டிருந்தது. அதுவரை காத்திருக்காமல் முதல் காருக்கு அவளே ஊற்றித் தொடங்கி வைக்கட்டும் என்றார். யாரோ பொன்னாடை போர்த்தினார்கள். யாரோ குங்குமம் வைத்த கேனைக் கையில் கொடுத்தார்கள்.

ஜெயமணி கேனைப் பார்த்தாள். கோமளாவைப் பார்த்தாள். கோமளா கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயமணி ஊற்ற ஆரம்பித்தாள். நிதானமாக, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல், கேன் காலியாகும்வரை ஊற்றினாள். கூட்டம் கைதட்டியது. படக்காரர் படம் சரியாக விழவில்லை என்றார். அவள் அடுத்த கேனைக் கேட்டு வாங்கினாள்.