சீமந்தத்துக்கு இறங்காத சம்பந்தி

திருப்பதி,
ஜய வருஷம், தை மாதம்.

பாகாலா ரிட்டயர்டு ரயில்வே கார்டு, மகா கனம் பொருந்திய சம்பந்தி எத்திராஜ் அவர்கள் சமூகத்துக்கு, திருப்பதி பஸ் கம்பெனிக் கிளை மேனேஜர் வேதாச்சலம் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் ஏழுமலையான் புண்ணியத்தில் எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் ஒருத்தரும் இல்லை. அவ்விடம் தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும், வாயும் வயிறுமாக இருக்கும் என் மகள் யசோதாவும் சுகமாக இருப்பதைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

நிற்க. இந்த வார்த்தையை எழுதவே கை கூசுகிறது. நிற்காமல் போனதுதானே இவ்வளவுக்கும் காரணம்.

"பெண்ணைப் பெத்தவனுக்குச் சீமந்தத்தன்னிக்கி எறங்க நேரமில்லன்னா, பிரசவத்துக்குப் பெண்ணை அனுப்ப எங்களுக்கும் நேரமில்ல" என்று தாங்கள் சொல்லியனுப்பியதாக என் சம்சாரம் தாட்சாயணி வந்து சொன்னாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறாள், அதுவும் தட்டை வைக்கிற சத்தத்திலேயே பாதிப் பசி போய்விடுகிறது. தலைச்சன் பிரசவம் சம்பந்தி, தாய்வீட்டில்தானே நடக்க வேண்டும்? மாசியில் ஆகும் என்கிறார்கள், இப்போதே தை பாதி ஓடிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், பெண்ணை மட்டும் அனுப்பிவையுங்கள்.

எல்லாம் எங்கள் முதலாளிக்கு வாய்த்த மருமகனால் வந்தது. அவர் மெட்ராசில் ஏதோ நிர்வாகப் படிப்புப் படித்துவிட்டு வந்து சித்தூர் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் கிளைக்கு வந்தவர், "ஒவ்வொரு ஆளுகிட்டயும் ஒரு பலம் இருக்கும், அதைக் கண்டுபிடிச்சு உபயோகப்படுத்தணும். வீட்டைக் கவனிக்காதவன் வேலையையும் கவனிக்க மாட்டான்" என்று பேசினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வண்டி கழுவுகிற முனிசாமிக்குக் குரல்தான் பலம் என்று கண்டுபிடித்து அவனை ஆள் கூப்பிட நிறுத்தினார். அவன் போட்ட சத்தத்தில், மலைக்குப் போக வந்த குடும்பம் ஒன்று மிரண்டுபோய் எங்கள் வண்டியில் ஏறி, முடி காணிக்கை செலுத்தாமலே சித்தூர் போய்ச் சேர்ந்தது. டிரைவர் ஆதிநாராயணனுக்கு நேரம் தவறாமைதான் பலம் என்றார். அது வாஸ்தவம். டீ குடிக்கப் போன கண்டக்டரையே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பியவன் அவன். கண்டக்டர் கோவர்த்தனனுக்குத் தெலுங்கு எழுத்துப் படிக்க வரும், ஆகவே ஆபீசிலிருந்து வருகிற கடிதாசுகளை அவன்தான் எங்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஆந்திர ராஜ்யம் வந்ததிலிருந்து எங்கள் ஆபீஸ் கடிதாசு எல்லாம் தெலுங்குதான், தங்களுக்குத் தெரியாததல்ல.

போன மாதம் ஒரு கடிதாசு வந்தது. கோவர்த்தனன் எழுத்துக் கூட்டிப் படித்தான்: "குடும்ப காரியாலகு செலவு இவ்வபடுனு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாடா சொல்றான்?" என்றேன். "வீட்டு விசேஷத்துக்கெல்லாம் செலவு கம்பெனியே குடுக்குமாம் சார்!" என்று குதித்தான். நாமெல்லாம் தெலுங்கு பேசாதவர்களா? பேசுகிறோம். ஆனால் நம்ம பக்கத்துத் தெலுங்கில் லீவுக்கு லீவு என்றுதான் சொல்வார்கள், செலவுக்குக் கர்ச்சு என்பார்கள். எழுத்துத் தெலுங்கில் லீவுக்குப் பெயரே செலவு என்பது, கர்னூலிலிருந்து புதிதாக வந்து கடிதாசு எழுதும் ஆபீஸ் குமாஸ்தா பந்துலுவுக்குத் தெரியும், எங்களுக்கு எப்படித் தெரியும்? முனிசாமி அன்றைக்கே பிள்ளைக்குக் காது குத்த நாள் பார்த்துவிட்டான். கோவர்த்தனன் தங்கச்சி நிச்சயதார்த்தத்தையே முன்னால் இழுத்துவிட்டான். ஆளாளுக்குச் செலவு வேண்டும் என்று எழுதிப் போட்டார்கள்.

என்னையும் எழுதச் சொன்னார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது சம்பந்தி. என் ஒரே பெண்ணின் சீமந்தத்தைப் பஸ் கம்பெனிக்காரன் செலவில் நடத்தினேன் என்று நாளைக்குத் தாங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? "எழுதுடா, என் பெண்ணின் சீமந்தம் இன்ன தேதி, நாகு செலவு அக்கரலேது" என்று கோவர்த்தனனை எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குச் செலவு வேண்டாம் என்று எழுதியதாகத்தான் நினைத்தேன். பெண்ணின் சீமந்தத்துக்குக் கூட எனக்கு லீவே வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன், பாவி!

சீமந்தத்துக்கு முதல் நாள் சாயந்திரம் முதலாளி மருமகனிடமிருந்து பதில் வந்தது. தாட்சாயணியும் உறவுக்காரர்களும் சீர்த்தட்டுகளோடு ரயிலேறிப் போன பிறகு. எழுதிக் கேட்ட எல்லோருக்கும் லீவு கொடுத்தாயிற்றாம். இப்படியொரு கடமை உணர்ச்சியைத் தான் பார்த்ததே இல்லையாம், அதுதான் என் பலமாம், ஆகவே நாளைக்குக் கிளையைப் பூட்டிக்கொண்டு நானே கண்டக்டராகவும் சித்தூர் வண்டியில் வந்துவிட வேண்டுமாம். பல்லைக் கடித்துக்கொண்டேன். வண்டி தங்கள் வீட்டு வாசல் வழியாகத்தானே போகிறது, இறங்கி நலங்கு வைத்துவிட்டு ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கல்யாணம் காட்சி இல்லாத ஆதிநாராயணனிடம் கெஞ்சிக் கூத்தாடினேன். அவன் பெரிய மனசு பண்ணி, "சரே சார், மீரு செய்யி சூபிஸ்தே போதானு" என்றான். நான் கை காட்டினால்தான் கிளப்புவானாம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மிச்சம் தாங்கள் பார்த்ததுதான். வண்டி தங்கள் வாசலில் நின்றது. நான் தோளில் பை, வாயில் விசில், கையில் மாலை என்று படியில் நின்றேன். யசோதா வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். முழங்கை வரைக்கும் வளையல். "நைனா!" என்று கையைத் தூக்கினாள். பெற்ற மனசு சம்பந்தி, நானும் கையைத் தூக்கி ஆட்டிவிட்டேன். அவ்வளவுதான், ஆதிநாராயணன் கிளப்பிவிட்டான். "நிறுத்துடா" என்று கத்த வாயைத் திறந்தால் விசில்தான் ஊதுகிறது, அதைக் கேட்டு இன்னும் வேகமாகப் போகிறான். ஆயுசு முழுக்கக் கொடி காட்டி ரயிலை அனுப்பிய தங்களுக்கு, கை அசைந்தால் வண்டி நகர்ந்துவிடும் என்பதை நான் சொல்ல வேண்டுமா? பெண் வாசலிலேயே நின்றாள். அவள் முகம் சின்னதாகிக்கொண்டே போனது இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. வண்டியில் இத்தனை ஜனம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுதேன், டிக்கெட்டும் கிழித்தேன்.

பெண்ணுக்கு வாங்கிய மாலையை முதலாளி மருமகனுக்குப் போட்டேன் என்று தாங்கள் கேள்விப்பட்டதும் நிஜம்தான். சித்தூரில் வண்டி சரியான நேரத்துக்குப் போய் நின்றது. மாலையும் கையுமாக நான் இறங்கினேன். எதிரே வந்தவர், தமக்குத்தான் என்று நினைத்துத் தலையைக் குனிந்துவிட்டார். குனிந்த தலைக்குப் போடாமல் என்ன செய்வது? போட்டேன். "குடும்பத்தையும் வேலையையும் எப்படிச் சரிக்கட்டணும்னு இவரைப் பார்த்துக் கத்துக்கணும்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். எனக்கு நாண்டுகொள்ளலாம் போல இருந்தது.

ஆகவே தாங்கள் பெரிய மனசு பண்ணி, நடந்த பிசகை மன்னித்து, யசோதாவை நல்ல நாள் பார்த்து அனுப்பிவைக்க வேண்டியது. நானே வந்து தங்கள் வாசலில் நிற்கிறேன். உள்ளே வா என்று தாங்கள் சொல்லும்வரை நிற்கிறேன். இதில் கௌரவம் பார்க்க மாட்டேன். சம்பந்தியம்மாளுக்கு என் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் யசோதாவுக்கும் ஆசீர்வாதம். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குத் தனியாக ஆசீர்வாதம், அதனிடம் மட்டும் தற்சமயம் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமலிருக்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தயவை நாடியிருக்கும்
வேதாச்சலம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகிற சமயம், பாகாலா வழியாக வருகிற எங்கள் வண்டி வந்து நின்றது. யசோதா இறங்கினாள். பின்னாலேயே டிரங்குப் பெட்டியோடு தங்கள் சம்சாரமும் இறங்கினார்கள். தாங்கள் ஸ்டேஷன் பக்கம் பேசிக்கொண்டிருக்கப் போன நேரத்தில் கிளம்பினார்களாம். "பத்து நாளா புள்ள துன்னாம கொள்ளாம அழுதுகினு கெடக்குது, இவரு ரோஷத்தைப் புடிச்சிகினு உக்காந்துகினு இருக்காரு. நான் பிரசவம் முடிஞ்சிதான் வருவேன். அதுவும் அவரே வந்து கூப்பிட்டாத்தான்" என்கிறார்கள். வீட்டுக்கு அழைத்து வந்ததிலிருந்து தாட்சாயணி சிரிக்கிறாள், என்னோடு கூடப் பேசுகிறாள். யசோதா என் பக்கத்தில் உட்கார்ந்து வளையல் குலுங்கச் சாப்பிடுகிறாள். மேலே நான் எழுதியிருக்கும் மன்னிப்பு எனக்கு இனித் தேவைப்படாது. வீணாகப் போக வேண்டாம், பெயரை மட்டும் மாற்றித் தாங்கள் சம்பந்தியம்மாளுக்கு எழுதிக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.